நீயும் ஒருமுறை ஊதிப் பார்

மார்ச் 3

அடி நெட்டச்சி,

நலம் விசாரிக்க எனக்கு இன்று பொறுமை இல்லை. போன் செய்தால் உன் உதவியாளர் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்கிறார். நாம் இரண்டு பேரும் இந்தக் குடிமீட்பு இல்லத்தில் நலப் பணியாளர்களாக ஒன்றாகச் சேர்ந்து வாந்தி அள்ளிய காலத்தில், உன்னைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. நீ மேலாளராகிப் போய்விட்டாய், அதனால் கடிதம்.

நேற்று தையல்காரரை வெளியே அனுப்பிவிட்டார்கள். கை நடுக்கம் அடங்கியதும் சும்மா இருக்க மாட்டாமல் உன் அலுவலக ஜன்னலுக்கு நீலத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாரே, அவர்தான். காலையில், குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் மூச்சுக் கருவியில் ஊதினார், சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் அன்றே வெளியே, மூன்று மாதத்துக்குக் கட்டில் கிடையாது. நீ போட்ட விதி. "எம் பொண்ணு மேல சத்தியமா நான் தொடலை மேடம்" என்று அழுதார். மேற்பார்வையாளர் அவர் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். வீட்டிலும் மனைவி கதவைத் திறக்கவில்லை. "மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டாராம்.

சொல்லும்! போன வாரம் உங்கள் உத்தரவுப்படி கருவிக்குப் பக்கத்திலேயே கிருமிநாசினி பாட்டிலை மாட்டினார்கள். கையில் தேய்த்துக்கொண்டுதான் கருவியைத் தொட வேண்டும். மற்றவர்கள் தேய்ப்பதாகப் பேர் பண்ணுகிறார்கள். இவரோ துணியில் கறை பட்டுவிடும் என்று கை கழுவிக் கழுவியே பழகியவர். ஒன்றுக்கு இரண்டு தடவை ஊற்றித் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் ஊதியிருக்கிறார். பாட்டில் முழுக்க ஸ்பிரிட், அதுவும் ஆல்கஹால்தானே! இன்று நானும் அப்படியே செய்து பார்த்தேன். சிவப்பு! தேநீரைத் தவிர எதையும் தொடாத எனக்கு! என் பையையும் வாசலில் வைக்கச் சொல்.

அவரைத் திரும்பக் கூப்பிடு. "தவறு எங்களுடையது" என்று அவர் மனைவிக்கு ஒரு வரி எழுது. நான் சொன்னால் நம்ப மாட்டார். உன் கையெழுத்து இருந்தால் நம்புவார்.

வாயாடி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தால் எழுத்து எப்படிக் கோணிப்போகும் என்று எனக்குத் தெரியாதா? ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

பாட்டிலை வேறு இடத்தில் மாட்டச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஆள் அன்று மாலையே குடித்துவிட்டாராமே? மேற்பார்வையாளர் சொன்னார். அப்புறம் தவறு எங்களுடையது என்று நான் எப்படி எழுதித் தருவது? நாளைக்கு வெளியே போன ஒவ்வொருவரும் வந்து நிற்பார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் உனக்குப் புரியும். உனக்காக ஒன்று செய்கிறேன். புதிதாகச் சேருகிறவர் மாதிரி, சத்தமில்லாமல் அவருக்குக் கட்டில் கொடுக்கச் சொல்கிறேன். பழையதைக் கிளறாதே.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது!

உன் நெட்டச்சி

மார்ச் 11

நெட்டச்சி,

குடித்தார்தான். எப்போது குடித்தார் என்று கேட்டாயா? நாம் வெளியே தள்ளிய பிறகு. கட்டிய மனைவி கதவைச் சாத்திய பிறகு. கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். "குடிச்சாலும் குடிகாரன், குடிக்காட்டியும் குடிகாரன். அப்புறம் எதுக்கு மேடம் கட்டுப்பாடா இருக்கணும்?" என்று கேட்டார்.

பாட்டிலுக்கு உடனே இடமாற்றம் கொடுத்துவிட்டாய். மனிதருக்கு ஒரு வரி கொடுக்க உனக்குக் கை வரவில்லை. ஒவ்வொருவரும் வந்து நிற்பார்களாம்! நிற்கட்டுமே. பாட்டில் மாட்டிய பிறகு அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் வந்து நிற்கத்தான் வேண்டும்.

எனக்கு உன் விருந்து வேண்டாம். அந்த வரி வேண்டும்.

வாயாடி

மார்ச் 20

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

தங்கள் பதில் வரவில்லை. அதனால் கருவியையும் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு நானே தையல்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவருக்காகப் பேச வந்தீங்கன்னா போயிடுங்க" என்றார்.

"பேச வரலைம்மா. கையை நீட்டுங்க."

ஊற்றினேன். தேய்க்கச் சொன்னேன். ஊதச் சொன்னேன். சிவப்பு எரிந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "அப்போ அவர் சொன்னது நிஜமா? நான் கதவைச் சாத்திட்டேனே!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றே அவரைத் தேடிப்பிடித்து இல்லத்துக்கு அழைத்து வந்தது அந்த அம்மாதான். தாங்கள் சத்தமில்லாமல் தந்த கட்டிலில் அவர் படுத்திருக்கிறார். மறுபடியும் கை நடுங்குகிறது, முதலிலிருந்து தொடங்குகிறார். கருவியை அனுமதியின்றி எடுத்துப் போனதற்கு மேற்பார்வையாளர் என்னிடம் விளக்கம் கேட்டார். நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது தங்கள் மேசைக்குத்தான் வரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். "குடித்ததால் வெளியேற்றப்பட்டவர்" என்று தங்கள் கோப்பில் அவரைப் பற்றி இன்னும் இருக்கிறது. அது அங்கே இருக்கிறவரை, அவர் தைத்த திரைச்சீலை தங்கள் ஜன்னலில் இருக்க வேண்டாம். கழற்றி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
நலப் பணியாளர்