நான் வெட்டிய ஒன்பது டேப்

அக்கா,

நேற்று மான்மவுத் ஜங்ஷனில் நம்ம ஊர் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். கொத்தமல்லிக்குப் பக்கத்தில் சதகுப்பைக் கீரையைக் கட்டுக் கட்டாக அடுக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், கறிவேப்பிலை வாங்க வந்ததே மறந்துபோயிற்று. உருளைக்கிழங்கை அவித்து, வெண்ணெய் போட்டு, மேலே இதைக் கிள்ளிப் போட்டு டப்பாவில் கொண்டுவருவீர்களே, அந்த வாசனை. காரமே இல்லாமல் இது எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ என்று கிண்டல் செய்துகொண்டே பாதியை நான் காலி செய்வேன். நீங்கள் கண்மூடி ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. எஸ்டோனியாவில் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம் என்று நீங்கள் சொல்லிப் பார்த்தீர்கள். இருபது வயது மூத்தவரையா? நான் அசையவில்லை. அக்கா என்றால் என்ன என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டீர்கள். நாம் பேசியதெல்லாம் இங்கிலீஷ், இரண்டு பேருக்கும் இரவல் பாஷை.

எனக்கு வேலை பெர்மிட் வந்த வருஷம் அது. கோபிசெட்டிபாளையத்தில் பி.எஸ்.சி. முடித்துவிட்டு, அமெரிக்கா வந்து பதினோரு வருஷம் சாம்பாரும் ஸ்கூல் டிராப்பும் பிக்கப்புமாக ஓட்டியவளுக்கு, பிஸ்கட்டவேயில் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு வேலை கிடைத்தது. பழைய டேப்புகளை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். முதலில் வந்தவை உங்களுடைய முப்பத்தொரு டேப். அங்கே மொழிப் பேராசிரியராக இருந்த நீங்கள் ஓய்வு பெறப்போகிறீர்கள், அறையைக் காலி செய்யவேண்டும் என்றார்கள்.

மாணவியாக இருந்தபோது, அந்தக் கனமான ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு, பெர்மிட்டுக்கு அலைந்து, நார்வா நதிக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் எடுத்தவை அவை. வோட்டிக் என்று ஒரு மொழி. எஸ்டோனியனுக்கும் ஃபின்னிஷுக்கும் கூடப்பிறந்தது. பேசியவர்களை அப்போதே விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்குப் புரியட்டும் என்று, தமிழுக்குத் தோடர்களின் மொழி மாதிரி என்றீர்கள். தோடர் பேசி நீ கேட்டிருக்கிறாயா என்று ஆசையாக வேறு கேட்டீர்கள். ஊட்டிக்கு ஆறு தடவை போயிருக்கிறேன் அக்கா, ஆறு தடவையும் வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அமெரிக்காவில் உங்கள் படிப்பை யார் சீந்தினார்கள்? வயிற்றுப்பாட்டுக்கு ரஷ்ய மொழி வகுப்பு எடுத்தீர்கள். உங்கள் சொந்தப் பாடத்துக்கு மூன்று பேர் சேர்ந்தால் அந்த வருஷம் கேக் வாங்கி வருவீர்களாம். ஓய்வு பெற்றபின் எழுத ஒரு புத்தகத்தை மட்டும் முப்பது வருஷமாக மனதில் வைத்திருந்தீர்கள். அந்த டேப்புகளை நம்பித்தான் அது.

இனி என் லட்சணம். டேப்பெல்லாம் மட்கிப் பழுப்புப் பொடி உதிர்ந்தது. ஒரு தடவை ஓடினால் ஓடியதுதான், மறுதடவை வெறும் இரைச்சல். ஓடவிட்டால் ஒரு கிழவி ஒரு வாக்கியம் பேசுவாள், பிறகு ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், கடிகாரம் மட்டும் டிக் டிக். எங்கள் வீட்டில் அரை நிமிஷம் ஒருவர் பேசாமல் இருந்தால் ஒன்று கோபம், இல்லாவிட்டால் ஜுரம். டேப் வீணாகியிருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தமில்லாத இடத்தையெல்லாம் தானாகவே வெட்டித் தள்ள அந்த சாஃப்ட்வேரில் ஒரு பட்டன் இருப்பதாக என் மகள் இங்கிலீஷில் சொன்னாள். அதுவரை ஏற்றியிருந்த ஒன்பது டேப்பையும் அப்படியே சுத்தம் செய்து, சமையல் முடித்து மேடையைத் துடைப்பதுபோல மூலக் கோப்புகளையும் அழித்துவிட்டு, உங்களைப் பெருமையாகக் கூப்பிட்டேன்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டீர்கள். உங்கள் முகம் வெளுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அவள் யோசித்த நேரம் எங்கே?" என்று கேட்டீர்கள்.

பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் கிடந்த பாஷை ஒருத்தியிடம் எப்படித் திரும்பி வருகிறது, ஒரு சொல்லுக்காக அவள் எவ்வளவு நேரம் தேடுகிறாள் என்பதுதான் உங்கள் புத்தகமே என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. நீங்கள் இரண்டு நாள் வரவேயில்லை. மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு டப்பாவோடு வந்து உட்கார்ந்து, பத்தாவதைப் போடு என்றீர்கள். மீதி இருபத்திரண்டையும் சேர்ந்தே கேட்டோம். அந்தக் கிழவி நிறுத்தும்போதெல்லாம் நீங்கள் எச்சில்கூட விழுங்கமாட்டீர்கள்.

அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. கோபியிலிருந்து அம்மா போனில் பேசும்போது நடுவில் நின்றுவிடுவார். முன்பெல்லாம் உடனே, ஹலோ, லைன்ல இருக்கியா என்று கத்துவேன். இப்போது காத்திருக்கிறேன். அப்படி ஒரு நாள் காத்திருந்தபோதுதான், நர்ஸ் படிப்புக்குத் தான் வாங்கி வைத்த விண்ணப்பத்தைத் தாத்தா கிழித்துப்போட்டதை அம்மா சொன்னார். ஐம்பது வருஷம் அதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

உங்கள் புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி கொடுத்தீர்கள். எஸ்டோனியனில் ஒரு எழுத்தும் புரியாவிட்டாலும், ஷோகேசில் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். வருகிறவர்களிடமெல்லாம் நன்றி சொன்ன பக்கத்தில் என் பேரைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். புத்தகம் ஏன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் நினைவுக் கூட்டத்துக்கு அதைக் கையோடு எடுத்துப் போனேன். உங்கள் தங்கை மகள் அதைப் பார்த்துவிட்டு, பாவம் பெரியம்மா என்றாள். ஒன்பது டேப் குறையாக இருந்ததால் பதிப்பகம் பாதிப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாம். ஆயுசு முழுக்கக் கறாராக இருந்தவர் வயதானதும் அசட்டையாகிவிட்டார் என்று உங்கள் ஊர்ப் பத்திரிகை ஒன்றில் ஒருவர் எழுதியும்விட்டாராம். முன்னுரையில் ஒரு வரியைத் தொட்டு எனக்கு இங்கிலீஷில் படித்துக் காட்டினாள்.

"முதல் ஒன்பது டேப்புகளில் மௌனங்கள் நீக்கப்பட்டுவிட்டன. கவனக்குறைவு என்னுடையது."

ஐந்து வருஷம் அந்த வரி என் வீட்டில் இருந்திருக்கிறது அக்கா. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உங்கள் தங்கை மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம்கூட உண்மையைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் எழவில்லை.

போன மாதம்தான் துணிந்து, அந்த ஒலிப்பதிவுகளை வைத்திருக்கும் காப்பகத்துக்கு எழுதினேன். அச்சான புத்தகத்தை மாற்றமுடியாது, கோப்புகளோடு ஒரு குறிப்பு சேர்க்கலாம் என்று பதில் வந்தது. சேர்த்தாயிற்று. இவற்றை வெட்டியது நூலகத்தில் வேலை பார்த்த நான், அவர் அல்ல, அவரைக் கேட்காமலே செய்தேன் என்று எழுதி, கீழே என் பேரை அப்பா பேரோடு முழுசாகப் போட்டிருக்கிறேன். நீங்கள் மறைத்ததை நான் ஊரறியச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா.