கருவி பழுது

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? இங்கே மூன்று நாளாக ஓர் இலைகூட அசையவில்லை. வானத்தில் துளி மேகம் இல்லை. பள்ளி மாடியில் என் பொறுப்பில் உள்ள காற்று மாசு அளக்கும் கருவியில் பதினொரு மணிக்கே மூச்சைக் கெடுக்கும் ஓசோன் ஏறத் தொடங்கி, மூன்று மணிக்கு அனுமதித்த அளவைப் போல இரண்டு பங்கு ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி.

பி.டி. மாஸ்டரிடம் சொன்னேன்: "வண்டிப் புகை வெயில்ல வெந்துதான் இது உண்டாகுது சார். காத்து அடிச்சா கலைஞ்சிடும், மேகம் போட்டா குறையும். ரெண்டும் இல்ல."

"வானம் பளிச்சுனு இருக்கேம்மா. மேலேர்ந்து உத்தரவுத் தாள் வரட்டும், நிறுத்துறேன்" என்றார்.

உன் அலுவலகத்திலிருந்து நீ கையெழுத்திட்டு அனுப்பும் தினசரி காற்று அறிக்கையில் எங்கள் நிலையத்துக்கு நேரே 'கருவி பழுது' என்றிருக்கிறது. அதனால் எங்கள் எண் கணக்கில் சேரவில்லை. கருவி நன்றாகத்தான் ஓடுகிறது. யாரோ தவறாகப் போட்டிருக்கிறார்கள், பார்.

உன் தங்கை

ஏப்ரல் 15

சின்னு,

யாரோ இல்லை, நான்தான் போட்டேன். வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா, பெரிய மனிதர்கள் வருகிறார்கள். விழாவை நிறுத்தினால் என் தலை உருளும். இரண்டு நாளில் காற்று வந்துவிடும், எண் தானாக இறங்கும். இதைப் பெரிதாக்காதே. உன் வீட்டுக்காரர் ஊருக்கு நீ கேட்ட இடமாற்றம் என் மேசையில்தான் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணா,

காற்று வரவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஓட்டத்தை நடத்தினார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு பெண் விழுந்தாள். பன்னிரண்டு வயது, ஏற்கெனவே இளைப்பு உள்ளவள். உதடு நீலமாகிவிட்டது. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவள் அம்மா தையல் வேலை செய்பவர். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "காத்து நல்லா இருக்குனு காலையில ரேடியோல சொன்னாங்களேம்மா. அதைக் கேட்டுட்டுத்தானே அனுப்புனேன்?"

சனிக்கிழமை மழை கொட்டியது. எண் மூன்றில் ஒரு பங்காக விழுந்தது. அன்றைய அறிக்கையில் 'கருவி சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன்மேல் உள்ளதைவிட, உன் கடிதம் வந்த பிறகும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்த என்மேல்தான் அருவருப்பு அதிகம். இடமாற்றம் என்ற சொல் எனக்கும் இனித்திருக்கிறது.

மணிவாரி அளவுகளை என் கையெழுத்தோடு அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இடமாற்ற மனுவைக் கிழித்துப் போடு.

தங்கை

மே 2

சின்னு,

நீ கொடுத்த தாளை வைத்து என்மேல் விசாரணை வைத்துவிட்டார்கள். விழா அன்று கருவி ஒரு மணி நேரம் நின்றது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. அண்ணி அழுதுகொண்டே இருக்கிறாள். கூடப் பிறந்தவள் நீ. உன்னை விட்டால் எனக்கு யார்?

அண்ணன்

மே 9

ஐயா,

கருவி ஒரு நிமிடமும் நிற்கவில்லை என்று நேற்று விசாரணையில் சொல்லிவிட்டேன். அண்ணி எப்போது வந்தாலும் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். நீங்கள் வர வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்தப் பெண் பிழைத்தாளா என்று ஒரு வரி இல்லை. பிழைத்துவிட்டாள். நேற்று வீட்டுக்கு அழைத்துப்போனோம். பத்துப் படி ஏறுவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தாள்.

இப்படிக்கு,
நிலையப் பொறுப்பாளர்