சொந்த வீடு உண்டு

ஜூலை 7, திங்கள்
மூன்றாம் நாளாக மழை. தேயிலைக் கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டும் படங்கு காயவே இல்லை. அடுப்புக்கு மேல் கொடி கட்டிப் போட்டேன். வீடெல்லாம் புகை, அவருக்கு இருமல்.

சொந்த வீடு இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கட்டித் தரும் வீட்டு லிஸ்ட் பஞ்சாயத்தில் ஒட்டியாச்சாம். 31-ம் தேதியோடு எனக்கு ரிட்டயர்டு. லிஸ்டில் பேர் இருந்தால், வீடு கட்டி முடிகிறவரை இந்தக் கம்பெனி லயத்து வீட்டிலேயே இருக்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் காலி பண்ணணும். அல்லது குடும்பத்தில் ஒருத்தர் எஸ்டேட் வேலைக்குப் பேர் பதியணும். அவருக்கு உடம்பு முடியாது. ஒருத்தர் என்றால் மகள் ஜெனிதான். அவளுக்கு அடுத்த மாதம் கோட்டயத்தில் லேப் வேலை.

வாங்க: மெழுகுவர்த்தி, உப்பு, அவர் மாத்திரை, ஜெனி பெட்டிக்குப் பூட்டு.

ஜூலை 9, புதன்
அரை நாள் லீவு. ஏலப்பாறை பஸ்ஸில் நின்றே போனேன். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் லிஸ்ட், சாரலில் பாதி ஊறிப்போய். மூன்று தடவை பார்த்தேன். என் பேர் இல்லை. பக்கத்து லயத்து ஸ்டெல்லா பேர் இருக்கிறது. நல்லா இருக்கட்டும். (வயிறு எரிந்தது. இதில் பொய் எதற்கு.)

கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார், "சேச்சிக்கு சொந்தம் வீடு உண்டுன்னல்லே சர்வேயில எழுதியிருக்கு. சேச்சி தன்னே பறஞ்ஞதா."

சொந்த வீடு உண்டென்று நானே சொன்னேனாம். திரும்பும் வழியில் ஞாபகம் வந்துவிட்டது. சர்வேக்கு ஒரு பெண் வந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். புதுசாக வெள்ளையடித்து, தரைக்கு டைல்ஸ் போட்டு, பின்னால் அவர் தன் கையாலேயே சமையலறை கட்டியிருந்தார். ஸ்டெல்லா ஒழுகுகிற கூரையைக் காட்டி அழுதாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். வீடு சொந்தமா என்று அந்த சர்வேப் பெண் கேட்டாள். வீட்டுக்கு வந்தவள் முன்னால் ஒன்றுமில்லாதவளாக நிற்க மனசு வரவில்லை. "ஆமாம்மா, எங்க மாமனார் காலத்துல இருந்து எங்களதுதான்" என்றேன். வாய்க்கொழுப்பு.

ஜூலை 10, வியாழன்
அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "ஏளா, நா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்கிறார். திட்டியிருந்தால் தேவலை. ஜெனி எழுந்துபோய் பாத்திரம் கழுவினாள்.

ஜூலை 14, திங்கள்
அப்பீல். கைப்பட எழுதித் தரணுமாம்: எனக்கோ என் குடும்பத்துக்கோ சொந்தமாக நிலமோ வீடோ இல்லை. அதே டைல்ஸ் தரையில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று தாள் வீண். வெட்கமாக இருந்தது, யாரும் பார்க்காதபோதே.

ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், லயம் கம்பெனியோடது என்று கம்பெனிக் கடிதம். கால் வீக்கம்.

ஜூலை 22, செவ்வாய்
அப்பீல் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்த லிஸ்டுக்குத்தான். எப்போ என்று கேட்டேன். வரும்போது வரும். பஞ்சாயத்து மெம்பரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

ஜூலை 27, ஞாயிறு
கோயிலில் ஜெனியின் கோட்டயம் பயணத்துக்காக ஜெபித்தார்கள். நான் கண்ணை மூடவில்லை. அவளும் மூடவில்லை.

பூட்டு வாங்கியாச்சு. சாவி இரண்டு.

ஜூலை 31, வியாழன்
கடைசி நாள். சூப்பர்வைசர் சால்வை போட்டார். ஆளுக்கொரு லட்டு. ஸ்டெல்லா அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை.

சாயங்காலம் ஜெனி நனைந்துகொண்டு வந்தாள். எஸ்டேட் ஆபீஸில் பேர் பதிந்துவிட்டாளாம். கோட்டயத்துக்கு வரவில்லை என்று போனும் பண்ணியாச்சாம்.

"ஏட்டி, நா ஒன்னப் பேர் பதியச் சொன்னேனா?"

"சொல்லலம்மா. வேற யாரு இருக்கா?"

அடிக்கக் கை எழுந்தது. கட்டிக்கொள்ளவும் எழுந்தது. இரண்டும் செய்யவில்லை.

என் படங்கை எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். அவள் என்னைவிடக் குள்ளம், தரையில் இழுபட்டது. கழற்றச் சொல்லி, ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.