அம்மா கேட்ட ஓரம்

திட்டும்போதும் அன்பு குறையாத அப்பாவுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு மாமி எப்படியும் ஒருநாள் மேலோகத்துக்கு வந்து உங்களிடம் வத்தி வைக்கத்தான் போகிறாள். இன்று காலை மயிலாப்பூரில், நம் மனையின் நடுவே, வேட்டியோடு மண்ணில் மல்லாந்து கிடந்தேன். என் எழுத்து அறையில் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்குமா என்று பார்த்தேன், அவ்வளவுதான். மாமி மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏண்டி வசுதா, உன் ஆத்துக்காரருக்கு எப்போலேர்ந்து இந்தப் பழக்கம்? அதுவும் கார்த்தாலேயே!"

என் தர்மபத்தினி பதில் சொன்னாள்: "குடியெல்லாம் இல்லை மாமி. வீடு கட்டறார்."

ஆமாம் அப்பா, பழைய வீட்டை இடித்துவிட்டோம். அரை கிரவுண்டுக்கும் குறைவான மனை. இந்தப் பக்கம் அடுக்குமாடி, அந்தப் பக்கம் கல்யாண மண்டபம். அதற்குள் எங்கள் இருவருக்கும் ஓர் அறை, பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, கீழே நான் எழுதுவதற்கு ஒன்று. வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துப் பல மாதம் சண்டை போட்டோம். அதில் சாம்பார் சிந்தாத அறையே கிடையாது. அம்மா மட்டும் பரிமாறிக்கொண்டே ஒன்றையே சொல்லுவாள்: "எனக்கென்னடா, ஒரு ஓரம் போறும்."

நானும் பொறுப்பான பிள்ளையாக, பிளான் போடும் பெண்ணிடம் போனில் சொன்னேன்: "அம்மாவுக்கு ஓரத்துல கொஞ்சம் இடம் விடும்மா."

இன்று மேஸ்திரி சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டார். அம்மா வந்தாள். வாசல் என்று விட்டிருந்த இடைவெளியில் செருப்பைக் கழற்றிவைத்தாள். சுவர்க்கோடு எதையும் தாண்டாமல் கதவு கதவாக நுழைந்து எல்லா அறையையும் பார்த்தாள். "பேஷ், பேஷ்" என்றாள். பிறகு பிளான் போட்ட பெண்ணிடம் கேட்டாள்: "என் ஓரம் எங்கேம்மா?"

அந்தப் பெண் சிரித்தபடி கை காட்டிய இடம் வீட்டுக்கு வெளியே இருந்தது.

பின்கதவைத் தாண்டி, நம் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள சந்து. "சட்டப்படி விடறதுக்கு மேலயும் ரெண்டடி விட்டிருக்கேன் அங்கிள். பாட்டி துளசி வைக்கத்தானே கேட்டீங்க?"

"அப்போ அம்மா எங்கே படுத்துப்பா?" என்றேன்.

"பாட்டி உங்களோடயா இருக்காங்க?"

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை அப்பா. யார் யாருக்கு அறை வேண்டும் என்று கேட்டபோது நாங்கள் நாலு பேரும் போட்ட கூச்சலில் அம்மாவின் பேர் வரவேயில்லை. வாஷிங் மெஷினுக்கு ஜன்னல் இருக்கிறது. செருப்புகளுக்குத் தனி அலமாரி இருக்கிறது. அம்மா இல்லை. தினமும் அதே தாளைத்தானே பார்த்தோம்? எப்படித் தெரியாமல் போயிற்று?

அம்மா அந்தச் சந்துக்குப் போய் நின்றாள். மதிலைத் தொட்டுப் பார்த்தாள். "நன்னா காத்து வரும்" என்றாள். கிண்டலா, நிஜமா? இடித்த வீட்டில் அவள் எங்கே படுத்தாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கூடத்தில், சமையலறை வாசலில், யாருக்காவது ஜுரம் என்றால் அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில். ஓரம் போதும் என்று அவள் சொன்னபோது நீங்களும் நம்பினீர்களா அப்பா?

வசுதாதான் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். "மேஸ்திரி, இவர் எழுதற ரூம்லேர்ந்து பாத்ரூமுக்கு ஒரு கதவு விடுங்கோ. இனிமே அது அம்மா ரூம்."

"இன்னா சார், ஓகேவா? நாளைக்கு வந்து மாத்துன்னு பேஜார் பண்ணக்கூடாது. அப்ப நீ எங்க சார் எழுதுவ?"

"அவருக்கென்ன, ஒரு ஓரம் போறும்" என்றாள் வசுதா. மேஸ்திரி சிரித்துக்கொண்டே கோட்டைக் காலால் அழித்துக் கதவுக்கு இடம் விட்டார். எனக்குப் படிக்கட்டுக்கு அடியில், மோட்டாருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

"ஐயோ, எனக்கெதுக்குடா ரூம்" என்று அம்மா மறுப்பாள் என்று காத்திருந்தேன். மறுக்கவில்லை. எனக்கு அது இன்னொரு அதிர்ச்சி.

சத்தியம் செய்கிறேன் அப்பா. யார் கெஞ்சினாலும் அந்த அறையில் ஒரு அங்குலம் குறைக்க விடமாட்டேன். அம்மா சொன்ன ஒரே திருத்தத்தையும் குறித்துக்கொண்டேன்: கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் வேண்டுமாம். இரண்டு.

இப்படிக்கு,
வெளியே நின்று தட்டப்போகும்
உங்கள் ஒரே பிள்ளை