விரல் கனத்துக் கருமணல்

என் ஆசை அண்ணாவுக்கு,

இந்த மார்கழியிலும் கடல் நம் குப்பத்து வாசலில் கருமணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. எர்ணாவூர்ப் பக்கம் ஒரு சாண் கனத்துக்குக் கிடக்கிறது. பாவி மணல்! பங்குனியில் இப்படிக் கிடந்திருக்கக் கூடாதா?

போன மார்கழியில் நீ ஓடிவந்தது நினைவிருக்கிறதா? ராயபுரத்துப் பழைய இரும்புக்கடையில் வாங்கிய காந்தத்தை மணலில் புரட்டி என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

"இத்தப் பாரு தங்கச்சி, காந்தத்துக்கு மீசை மொளைச்சிக்கீது! மண்ணு இல்ல, அத்தினியும் இரும்பு!"

"அப்போ எனக்கு ஒரு அருவாமணை அடிச்சிக் குடு, போ" என்று சிரித்தேன்.

வெள்ளைக்காரர்கள் போன பிறகு எங்கே என்ன உலோகம் கிடைக்குமென்று சர்க்கார் ஆட்கள் தேடிக்கொண்டிருந்த நேரம். நம் கரைக்கும் வந்தார்கள். நீ கட்டுமரத்தை விட்டுவிட்டு, முகத்துவாரம் வரை அவர்களோடு போய், மணலைச் சோதிக்கக் குழி வெட்டினாய். அப்பாவைக் கடலில் தொலைத்த அம்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். சுரங்கம் வந்தால் மகனுக்குக் கரையிலேயே வேலை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் அவர்கள் வந்தது பங்குனியில். வெட்டிய குழியெல்லாம் வெள்ளை மணல். அடியில் கருமணல் ஒரு விரல் கனம். கரையைவிட்டு உள்ளே போனால் அதுவும் இல்லை.

"மார்கழில வந்து பாரு சார், கறுப்பா கெடக்கும்" என்று கெஞ்சினாய்.

மூத்த அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். "புயல் காலத்துல அலை லேசான மணலை இழுத்துட்டுப் போயிடும், கனமானது தங்கிடும். அதான் கறுப்பாத் தெரியுது. மொத்தமே கொஞ்சம்தான்பா, சுரங்கத்துக்குத் தேறாது."

ஐப்பசியில் மறுபடியும் கட்டுமரம் ஏறினாய். மரம் மட்டும் கரை ஒதுங்கியது.

கனமானதைக் கடல் விட்டுவிடுமாமே, அண்ணா? நம் வீட்டில் உன்னைவிடக் கனமாக வேறு என்ன இருந்தது? உன்னை ஏன் இழுத்துக்கொண்டது?

அம்மா இப்போதெல்லாம் விடிந்ததும் முறத்தோடு கரைக்குப் போகிறாள். கருமணலை அள்ளிவந்து வாசலில் குவிக்கிறாள்.

"இன்னா கனம் பாத்தியா! நெறைய சேத்துட்டா அந்த சார் வந்துடுவாரு. புள்ளைக்குக் கரையிலியே வேல குடுப்பாரு. அவன் கடலுக்குப் போவ வேணாம்" என்கிறாள்.

நீ போய்விட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குவியல் இப்போது என் இடுப்பளவு வந்துவிட்டது.

அவளைத் தனியாக அள்ள விடமாட்டேன், அண்ணா. நாளையிலிருந்து நானும் ஒரு முறம் எடுத்துக்கொண்டு போகிறேன்.

உன் மணல் மீசையைப் பார்த்துச் சிரித்த,
உன் தங்கச்சி