கொத்தனார் சாமியை அப்புறப்படுத்தி மதுக்கூட உரிமம் வழங்கக் கோருதல்

அனுப்புநர்:
ரா. காசிராஜன்,
உரிமையாளர், தங்கும் விடுதி (திறப்பு விழா நிலுவையில்),
திருச்சுழி சாலை, அருப்புக்கோட்டை வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: தங்கும் விடுதி – மதுக்கூட உரிமம் – வழிபாட்டுத் தலம் அருகில் உள்ளதாகத் திருப்பப்பட்டது – மேற்படி தலம் தலமே அல்ல என்பது – அகற்ற வேண்டுவது – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. அருப்புக்கோட்டையில் பரம்பரையாக இரும்புக்கடை நடத்திவரும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். திருச்சுழி சாலையில், மழை பெய்தால் மட்டும் விளைகிற என் சொந்தக் கரிசல் நிலத்தில், குளிர்சாதன வசதியுடன் மூன்று மாடி விடுதி கட்டியுள்ளேன். இந்தப் பக்கம் சோலார் கம்பெனிகள் வந்தபிறகு வெளிமாநிலப் பொறியாளர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். அறையைப் பார்க்கிறார்கள், மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள், பிறகு பார் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் மதுரைக்குக் காரைத் திருப்பிவிடுகிறார்கள். பார் இல்லாத விடுதி எங்கள் பகுதியில் கல்யாண வீட்டுக்காரர்கள் இலவசமாகக் குளித்துவிட்டுப் போகத்தான் உதவும்.

2. ஆகவே முறைப்படி எப்.எல்.3 எனும் விடுதி மதுக்கூட உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். தீயணைப்பு, சுகாதாரம் என எல்லாத் துறையிலும் தடையின்மைச் சான்று பெற்றேன். கடைசியாகத் தணிக்கைக்கு வந்த அலுவலர், விடுதியின் வாசலிலேயே வழிபாட்டுத் தலம் உள்ளது என்று எழுதிவிட்டார். விதிப்படி இருக்கவேண்டிய தூரம் இல்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது.

3. அந்த வழிபாட்டுத் தலம் எது என்பதைத் தங்கள் மேலான பார்வைக்குக் கொண்டுவருகிறேன். அது மாரியம்மன் அல்ல. அய்யனார் அல்ல. என் கட்டடத்தில் பூச்சு வேலை பார்த்த அருஞ்சுனை என்ற கொத்தனார். பரளச்சிப் பக்கத்து ஆள். மூன்றாவது மாடி உயரத்தில் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்து அதே இடத்தில் இறந்துபோனார். அவருடைய மனைவி பொன்னுத்தாய் அதே வேலையில் சித்தாள். அப்போது கீழே கலவை போட்டுக்கொண்டிருந்தாள். குடிபோதையில் தவறி விழுந்ததாகக் காவல் நிலையத்தில் நான் வாக்குமூலம் கொடுத்தேன். வழக்கு அதோடு முடிந்தது. அதில் இனிமேல் சந்தேகம் எழ இடமில்லை.

4. அதன்பிறகு ஒரு கொத்தனாரும் சாரத்தில் ஏற மறுத்துவிட்டான். அகாலமாய்ச் செத்தவன் அந்த இடத்தை விட்டுப் போகமாட்டான் என்பது இவர்கள் நம்பிக்கை. மேஸ்திரி சின்னத்துரை என்னிடம் வந்து, "அவுகளுக்கு ஒரு கல்ல நட்டுப் பொங்க வச்சிருங்க மொதலாளி. இல்லாட்டி ஒரு பயலும் மேல ஏற மாட்டான்" என்றார். வேலை நின்றால் நஷ்டம் எனக்குத்தானே ஐயா? விழுந்த இடத்திலேயே பீடம் கட்டி, கல் நட்டு, கிடா வெட்டிப் பொங்கல் வைத்தேன். மறுநாளே எல்லாரும் சாரம் ஏறினார்கள். ஈமச் செலவுக்கும் மகள் படிப்புக்கும் ஏதாவது செய்யும்படி பொன்னுத்தாய் கேட்டு வந்தபோது, உன் புருஷனைச் சாமியாகவே ஆக்கிவிட்டேன், இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் என்று எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

5. இந்த இடத்தில் என் தரப்பில் ஒரு சிறு கவனக்குறைவு நிகழ்ந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தாலும் வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பேர் எழுதித்தான் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில், "ஸ்ரீ அருஞ்சுனை சாமி திருக்கோயில். உபயம்: ரா. காசிராஜன்" என்று சலவைக்கல்லில் வெட்டிப் பதித்துவிட்டேன். தணிக்கை அலுவலர் அதைத்தான் படம் எடுத்து அறிக்கையில் ஒட்டியிருக்கிறார். கோயில் என்று விண்ணப்பதாரரே எழுதியிருக்கிறாரே என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். வேலைக்காரப் பயல்களின் பயம் தெளிய எழுதியதை ஆவணமாக எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

6. இப்போது மல்லாங்கிணறு வரைக்கும் உள்ள கொத்தனார்கள் புது வேலை தொடங்குமுன் இங்கே வந்து, கரண்டியையும் தூக்குக்குண்டையும் கல்லின் முன் வைத்துக் கும்பிட்டு எடுத்துப் போகிறார்கள். பொன்னுத்தாய் நாள் தவறாமல் வந்து விளக்கேற்றுகிறாள். பெட்டியோடு காரில் வந்து இறங்குகிற வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது ஒரு தாலியறுத்தவளின் முகத்தை. இதைத் தொழில் செய்கிற எவரிடம் சொன்னாலும் புரியும்.

7. சமாதானமாகப் போகவே முயன்றேன். கல்லை அவள் வீட்டுக் கொல்லைக்கு மாற்றித் தருகிறேன், பீடமும் என் செலவு என்றேன். அவள் காசு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேசி முடித்திருப்பேன். எல்லாக் கொத்தனார்களும் நிற்கும்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எம்புருசன் குடிக்கலைன்னு, இந்தக் கல்லு முன்னாடி நின்னு ஒரேயொரு வாட்டி சொல்லிருங்க மொதலாளி. சாரக்கயிறு இத்துப் போயிருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். சொல்லிருங்க, நானே கல்லப் பேத்துத் தலையில தூக்கிட்டுப் போயிர்றேன்."

8. இது எப்படிச் சாத்தியம் ஐயா? கயிறு என்று வாயைத் திறந்தால் அது வேறு வழக்கு. அவன் குடித்தானா இல்லையா என்பது இந்த மனுவுக்குச் சம்பந்தமில்லாதது. கூலி வாங்கியதும் நேரே வீட்டுக்குப் போகிறவன் என்று மற்றவர்கள் சொல்லலாம். ஒரு வாக்குமூலம் கொடுத்தபின் அதில் நிற்பதுதான் ஒரு வணிகனுக்கு அழகு. அதற்கேற்ப முதல் படையலிலேயே ஒரு பிராந்தி பாட்டிலும் வைத்தேன். பொன்னுத்தாய் அதை எடுத்து ரோட்டோரம் ஊற்றிவிட்டாள். சாமிக்குப் படைத்ததைத் தரையில் கொட்டியவளே அதைச் சாமி என்று நம்பவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

9. உன் நிலம்தானே, நீயே இடித்துக்கொள் என்று தாங்கள் கேட்கலாம். எந்தக் கொத்தனாரும் அதன்மேல் கடப்பாரை வைக்கமாட்டேன் என்கிறான். நானே செய்யலாம் என்றால், வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிறது, சாமி குத்தமாகிவிடும் என்று என் மனைவி தடுக்கிறாள். எனக்கும் கொஞ்சம் பயம் உண்டு என்பதை மறைக்கவில்லை. அரசாங்கம் எடுத்தால் அந்தக் குத்தம் தனிப்பட்ட யாரையும் சேராது.

10. ஆகவே மேற்படி கல்லைப் போக்குவரத்துக்கு இடையூறு என்றோ, தங்களுக்குச் சரியென்று படும் வேறு காரணத்தாலோ அகற்றி, உரிமம் வழங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அகற்ற இயலாது என்றால், குடித்துச் செத்தவன் சாமியாக இருக்கும் இடத்தில் பார் நடப்பது எந்த வகையிலும் அவமதிப்பு ஆகாது என்பதைக் கருத்தில் கொண்டு தூர விதியைத் தளர்த்தித் தருமாறு வேண்டுகிறேன்.

11. நான் ஈரமில்லாதவன் என்று யாரும் தங்களிடம் சொல்லிவிடக் கூடாது. பார் திறந்தால் பொன்னுத்தாய்க்கே அங்கே தம்ளர் கழுவும் வேலை தருகிறேன். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. சித்தாள் வேலைக்கு இனி அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள், நானே எல்லா மேஸ்திரிகளிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். பதிலுக்கு அவள் செய்யவேண்டியது ஒன்றுதான். தன் புருஷன் குடிகாரன், குடித்துத்தான் விழுந்தான் என்று தங்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டு கைநாட்டு வைக்க வேண்டும். அதை நானே தட்டச்சு செய்து கொண்டுவருகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மகள் சுகப்பிரியா எட்டாம் வகுப்பு படிக்கிறாள், நன்றாக வாசிப்பாளாம். பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு வராமல் இருக்க, அந்தப் பிள்ளையே தன் தாய்க்குச் சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

ஆடி பிறந்தால் திறப்பு விழா வைக்க முடியாது. அதற்கு முன்பாக ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: அருப்புக்கோட்டை
நாள்: 09.06.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ரா. காசிராஜன்