வீட்டில் எத்தனை பேர்

அன்புள்ள மனைவிக்கு,

நானும் நம் வாயாடி மகளும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்று மழுப்புவாய், அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். போன் எடுத்தாலே அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். மனம்விட்டு எதையும் பேச முடிவதில்லை.

நீ வேலை பார்க்கும் வீட்டம்மா உன்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார், அவர்கள் பையன் உன்னிடம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

இங்கே நடந்ததைக் கேள். நம் மகள் நூறு வரைக்கும் கடகடவென்று சொல்கிறாள் என்று துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன் அல்லவா? பாலர் வகுப்பு டீச்சர் என் குட்டை உடைத்துவிட்டார். ஐந்து பொத்தான் எடுத்துத் தரச் சொன்னால் கைநிறைய அள்ளிக் கொடுத்தாளாம். "பாட்டு மாதிரி ஒப்பிக்கிறா, எண்ணத் தெரியலை. ஒண்ணை ஒரு தடவைதான் எண்ணணும், அதை முதல்ல பழக்குங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து தையல் மேசைதான் எங்கள் பள்ளிக்கூடம். சட்டைக்கு நான் காஜாத் துளை எடுத்துக் கொடுத்தால், ஒவ்வொன்றின்மேலும் ஒரு பொத்தானை வைத்து எண்ணுவாள். குறிபோடும் சாக்கட்டியால் தரை முழுக்க எழுத்து. 'ண'வுக்கு எத்தனை சுழி என்று கேட்டு என்னையே முழிக்க வைக்கிறாள்.

நேற்று, ஆளுக்கு ஒன்றாகச் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்கச் சொன்னேன். இரண்டு வைத்தாள். "நம்ம வீட்டுல எத்தனை பேரு? அம்மாவை விட்டுட்டியே" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மாவை அந்த வீட்டுல எண்ணியாச்சுப்பா. அங்க அம்மாவுக்குத் தட்டு இருக்கு, போன்ல பார்த்தேன். ஒரு ஆளை ரெண்டு தடவை எண்ணக் கூடாது" என்றாள்.

அவள் அழவில்லை. விடை சரிதானா என்று என் முகத்தையே பார்த்தாள். சரி என்று எப்படிச் சொல்வேன்? தப்பு என்று எப்படிச் சொல்வேன்? தண்ணீர் எடுக்கப் போகிறவன்போல் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

உன்மேல் குறை சொல்லவில்லை. நாம் இருவரும் சேர்ந்து பேசித்தானே முடிவு செய்தோம். அந்தப் பையனுக்கு நீ கதை வாசித்துக் காட்டுவதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது. அவன் நன்றாகப் படிக்கட்டும், நல்லபடியாக இருக்கட்டும். அவனைத் தூக்கிக் கொஞ்ச அவன் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள்.

வந்துவிடு. என் கையில் தொழில் இருக்கிறது, எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். நீ வருவாய் என்று அவளிடம் நான் சொல்லப்போவதில்லை. நான் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விடுவாள். நீயே வந்து அவள் முன்னால் நில்.

உன் வழி பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்